அடர் ஊதா மேட் எமல்ஷன்: நிறத்துக்கு நூறு, உழைப்புக்கு?

கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் அடர் ஊதா மேட் எமல்ஷன் (பளபளப்பில்லாத சுவர் பெயிண்ட்) அடித்தோம். நிறம் அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வெல்வெட் துணி மாதிரி இருக்கிறது. இரவில்தான் பல்பு விளையாட்டுக் காட்டும்: 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் அரக்குப் பக்கம் சாய்கிறது, 6500 கெல்வின் வெள்ளையில் நீலம் தூக்கலாகிறது. வண்ண அட்டையைக் கடையிலேயே பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.

மூடும் திறன் சுமார்தான். சாம்பல் நிறம் கலந்த பிரைமர் (அடிப்பூச்சு) மேல் அடித்தும் முதல் கோட்டில் ரோலர் போன தடமெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. பெயிண்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சரி, டப்பாவைக் குறை சொல்ல முடியாது. அடர் நிறங்களுக்கான பேஸில் (நிறம் கலப்பதற்கு முந்தைய மூலப் பெயிண்டில்), அடியில் இருப்பதை மறைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு மிகக் குறைவாகத்தான் இருக்கும். மூன்றாவது கோட்டுக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

என் குறை வேறு. தலையணை உரசும் இடம் அதற்குள் பளபளப்பாகிவிட்டது; துடைக்கத் துடைக்க அது கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நகம் பட்டால் வெள்ளைக் கோடு. பிள்ளைகள் ஓடும் நடைவழிக்கு இது சரிவராது, லேசான மினுமினுப்புள்ள சாட்டின் பெயிண்ட் வாங்குங்கள். ஆனால் சாட்டின் சுவரின் மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், பட்டி வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

அப்புறம், கெட்ட இடத்தில் மட்டும் திரும்ப அடிக்கும் டச்சப் எடுபடாது. தொட்ட இடம் தனியாகத் தெரிகிறது. மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடித்தால்தான் உண்டு. ஐந்துக்கு மூன்றரை தரலாம்.