கிரீன் மேட் வீடியோ: ஒரு கொலுசுக் கடையின் நீண்டநாள் அனுபவம்

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். பின்கட்டில் பட்டறை, முன்னால் பத்தடி அகலத்தில் கடை, மாடியில் சரக்கு அறை. அந்த மாடி அறையில்தான் இரண்டு வருஷத்துக்கும் மேலாகக் கிரீன் மேட் கட்டி வியாபார வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறோம். கிரீன் மேட் என்றால் ஆளுக்குப் பின்னால் தொங்கவிடுகிற பச்சைத் துணி, எடுத்த பிறகு மென்பொருளில் அந்தப் பச்சையை நீக்கிவிட்டு வேறு பின்னணி வைத்துக்கொள்ளலாம். இதை வாங்கிப் போடலாமா, ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாமா, சின்னக் கடைக்கெல்லாம் இது தேவையா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுகிற ஆளை எடுக்கக் கிரீன் மேட் அருமை. விற்கிற பொருளை எடுக்க, அதுவும் வெள்ளியை எடுக்க, அதைப் போலச் சனியன் வேறில்லை.

மெருகு போட்ட வெள்ளி எதிரே இருக்கிற நிறத்தை அப்படியே வாங்கித் திருப்பிக் காட்டும். பின்னால் எட்டடிக்குப் பச்சைத் துணி தொங்கினால் கொலுசின் ஒவ்வொரு முத்திலும் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பச்சைப் பொட்டு விழும். எடிட்டிங் மென்பொருளுக்குத் துணிப் பச்சை எது, கொலுசில் தெரிகிற பச்சை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, துணியை நீக்கும்போது கொலுசிலும் பொத்தல் பொத்தலாக நீக்கிவிடும். சரி, பச்சைச் சாயலை மட்டும் எடுக்கிற டீஸ்பில் என்று ஒரு வசதி இருக்கிறதே, அதைப் போடலாம் என்றால் போடலாம்தான், ஆனால் அதற்கப்புறம் கொலுசு ஈயப் பாத்திரம் மாதிரி செத்துப்போய்த் தெரியும். வெள்ளி வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதே பளபளப்பைத்தான். அதைக் கெடுத்துவிட்டுப் பின்னால் தாஜ்மஹாலையே வைத்தாலும் யார் வாங்குவார்கள்?

இன்னொரு சிக்கல் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான போன்கள் வீடியோ பதியும்போது வெளிச்சத் தகவலை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, நிறத் தகவலை நாலு புள்ளிக்கு ஒன்று என்று சுருக்கிவிடுகின்றன. கேமரா விவரங்களில் 4:2:0 என்று போட்டிருப்பது இதுதான். சாதாரணமாகப் பார்க்கும்போது கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனால் கிரீன் மேட் வேலை முழுக்க நிறத்தை நம்பியே நடக்கிறது இல்லையா, அதனால் தலைமுடி, மெல்லிய சங்கிலி, தொங்குகிற முத்து இவற்றின் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டுப்படும். நிறத் தகவலை இதைவிடக் கூடுதலாக வைத்துக்கொண்டு 4:2:2, 10 பிட் என்று பதிகிற கேமராவில் ஓரம் நன்றாகவே வருகிறது. எங்களுடையது போன்தான், பேசுகிற ஆளுக்கு அதுவே போதும்.

அதனால் கொலுசைத் தனியாகத்தான் எடுக்கிறோம். கருப்பு வெல்வெட் மேல் வைத்து எடுத்தால் வெட்டு வேலை பளிச்சென்று தெரியும். அதைவிட நன்றாக வருவது பழைய வீட்டின் சிவப்பு ரெட் ஆக்சைடு தரையில் கொலுசு போட்ட கால், பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். அந்தக் காட்சிகளை அண்ணி பேசுகிற வீடியோவுக்கு நடுவில் சொருகிவிடுவோம்.

எங்கள் வீடியோவில் பேசுவது அண்ணிதான். சரளமாகப் பேசுவார், கேமராவைப் பார்த்துக் கூச்சப்பட மாட்டார், பிறந்த வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் ஆந்திராப் பக்கத்து வியாபாரிகளுக்குத் தெலுங்கிலும் அதையே இன்னொரு முறை சொல்லிவிடுவார். கிரீன் மேட்டின் நிஜமான லாபம் இங்கேதான். ஒரு காலை நேரம் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு துண்டுகளாகப் பேசி வைத்துக்கொண்டால், ஆடிக்கு ஒரு பின்னணி, தீபாவளிக்கு ஒரு பின்னணி, அட்சய திருதியைக்கு, பொங்கலுக்கு என்று அதே பேச்சை மாற்றி மாற்றிப் போடலாம். ஒவ்வொரு முறையும் கடையை ஒழித்து, தோரணம் கட்டி, வருகிற வாடிக்கையாளரை நிறுத்தி வைத்து எடுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள், வெள்ளி விலை தினமும் மாறுகிறது. அதனால் விலை சொல்கிற வரியை எப்போதும் தனித் துண்டாக எடுங்கள், அல்லது எழுத்தில் போடுங்கள். பேச்சுக்கு நடுவில் விலையைச் சொல்லிவிட்டால் அந்த வீடியோ மறுநாளே பழசு.

இனி வெளிச்சம். கேமராவை விட, மென்பொருளை விட, இதுதான் முக்கியம். துணிக்குத் தனியாக இரண்டு விளக்கு, ஆளுக்குத் தனியாக இரண்டு விளக்கு. துணி பிரகாசமாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது சீராக இருந்தால் போதும், ஒரு மூலை வெளுத்தும் இன்னொரு மூலை இருண்டும் இருந்தால் மென்பொருளுக்கு அது இரண்டு மூன்று பச்சையாகத் தெரிகிறது. ஆளுக்கும் துணிக்கும் நடுவில் ஆறடியாவது இடம் விடுங்கள். இல்லாவிட்டால் துணியில் பட்டுத் தெறிக்கிற பச்சை கழுத்திலும் காதோரத்திலும் அப்பிக்கொள்ளும், நிழலும் துணியில் விழும். எங்கள் அறையின் நீளம் இதற்குச் சரியாக இருந்தது. பத்துக்குப் பத்து அறை வைத்திருப்பவர்கள் முழு ஆளையும் எடுக்கிற ஆசையை விட்டுவிட்டு இடுப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் பச்சை என்று பட்டறைப் பையன் ஒருநாள் கேட்டான். தோலின் நிறத்தில் பச்சை குறைவு என்பது ஒன்று. இன்னொன்று, டிஜிட்டல் கேமரா சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கானவை, சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா கால் பங்குதான். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது, இன்று நம் சட்டைப்பையில் இருக்கிற போன் வரைக்கும் பெரும்பாலும் அதே அடிப்படைதான். அதனால் பச்சையில் விவரம் அதிகம், படத்தில் பொடிப்பொடியாகத் தெரிகிற இரைச்சல் குறைவு. பிலிம் காலத்தில் நீலத் துணிதான் அதிகம் ஓடியது.

நம்ம ஊர்ப் பெண்களுக்குப் பச்சை ஒத்துவருகிறதா என்பது வேறு கதை. கிளிப்பச்சை, மயில்பச்சைச் சேலை கட்டி நின்றால் சேலை மறைந்து தலையும் கையும் மட்டும் அந்தரத்தில் மிதக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால் பூ. கதம்பத்தில் இருக்கிற மரிக்கொழுந்து காணாமல் போய் மல்லிகை தனித்தனியாகத் தொங்கும். எலுமிச்சை மஞ்சள் சேலையின் ஓரமும் அரிக்கப்படும். இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிற மாமா எங்கள் அறையில் வந்து எடுத்துப் பார்த்தார், ஜரிகை ஓரமெல்லாம் பச்சையை வாங்கிக்கொண்டது, மெல்லிய ஆர்கன்சா சேலையின் வழியே பின்துணி தெரிந்து, பின்னணி மாற்றியபோது முந்தானையே ஓட்டையாகிவிட்டது. சேலைக்காரர்கள் நீலத் துணி ஒன்றும் சேர்த்து வைத்துக்கொள்வது உத்தமம், அன்றைக்கு என்ன நிறச் சேலையோ அதற்கு எதிர்த் துணி. வெண்பட்டு வேட்டி கட்டி வருகிற ஆண்களுக்கும் எச்சரிக்கை, வெள்ளைத் துணி பச்சையை நன்றாக இழுக்கும், இன்னும் இரண்டடி முன்னால் வந்து நில்லுங்கள்.

துணியைப் பற்றிக் கேட்டால், நெசவு ஊரில் இருந்துகொண்டு ஆன்லைனில் வாங்க வேண்டியதே இல்லை. மினுமினுக்காத கெட்டிப் பருத்தியில் அகலமாக ஒரே துண்டாகக் கிடைத்தால் போதும். சாட்டின் வேண்டாம், விளக்கு படுகிற இடம் வெளுத்துவிடும். மடித்து வைக்காதீர்கள், மடிப்பு விழுந்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல். ஒரு பிவிசி பைப்பில் சுருட்டி வைக்கிறோம், எடுக்கும்போது இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இழுத்துக் கட்டுவோம்.

சேலத்துக்கே உரிய தொல்லை ஒன்று, வெயில். சித்திரை, வைகாசியில் மாடி அறையில் ஃபேன் இல்லாமல் அரைமணி நேரம் நிற்க முடியாது. ஃபேன் போட்டால் துணி ஆடும், தலைமுடி பறக்கும், மைக்கில் காற்றுச் சத்தம் விழும். கீழே பாலிஷ் மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பட்டறைக்கு அமாவாசை விடுமுறை, அதனால் அமாவாசை காலையில் ஏழு மணிக்குள் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது என்று பழக்கமாகிவிட்டது. பவுடர் கலைந்து முகம் பளபளத்தால் அதிலும் பச்சை விழும், டிஷ்யூ பேப்பர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

விலை குறைந்த எல்இடி விளக்கில் வீடியோ எடுத்தால் திரையில் கோடு கோடாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படமும் பதிய எடுத்துக்கொள்கிற நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று நிறுத்துங்கள், அடங்கிவிடும். கை ஆட்டிப் பேசுகிறவராக இருந்தால் 1/100 நல்லது, கை மங்கலாகத் தெரிந்தால் விரல் ஓரமும் சேர்ந்து அரிபடும். ஃபோகஸ், வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்யாமல் பதிவை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். ஆட்டோவில் விட்டால் போன் நடுவில் தானாகவே பச்சையின் சாயலை மாற்றிவிடும்.

மென்பொருளுக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் ஃப்யூஷன் பக்கத்தில் இருக்கிற, பச்சையை நீக்கும் டெல்டா கீயர் என்ற கருவி எங்களுக்குப் போதும். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாள் ஆகும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் மூச்சு வாங்கும். அவசரத்துக்குப் போனிலேயே கைன்மாஸ்டர் ஆப். துணியே வேண்டாம், ஏஐ பின்னணியை நீக்கிவிடும் என்கிறார்களே என்று அதையும் பார்த்தாயிற்று. கோட் போட்ட ஆண் அசையாமல் நின்று பேசினால் நன்றாகவே நீக்குகிறது. அண்ணியின் ஜிமிக்கி ஆடும்போதெல்லாம் ஒரு நொடி இருக்கிறது, ஒரு நொடி இல்லை. நகை வியாபாரத்தில் நகையே மறைந்தால் எப்படி?

பின்னணியில் என்ன வைப்பது என்பதில்தான் எனக்குக் கறாரான கருத்து உண்டு. சொந்தமாக ஆரம்பிப்பதற்கு முன் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்திருந்தோம். அவர்கள் எங்கேயோ கிடைத்த ஒரு பளிங்கு ஷோரூம் படத்தை வைத்துக் கொடுத்தார்கள், பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. மதுரையிலிருந்து ஒரு வியாபாரி அதைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்து, "ஏங்க, வீடியோவுல இருந்த கடை எங்கங்க?" என்றார். சரக்கைப் பார்த்து வாங்கிக்கொண்டுதான் போனார், ஆனாலும் அன்றைக்கு எடை போடும்போது தராசை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்கப்புறம் எங்கள் கடையையும் பட்டறையையும் நாங்களே எடுத்துப் பின்னணியாகப் போடுகிறோம். கொஞ்சம் மங்கலாக, ஆள் நிற்கிற உயரத்துக்கே கேமராவை வைத்து எடுத்தால் ஒட்டவைத்தது போலத் தெரியாது.

கோடைக்கு மட்டும் ஏற்காடு. லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலம் தெரிகிற காட்சியை ஸ்டாண்டில் வைத்து எடுத்து வந்தோம். வெயில் அடிக்கும்போது எடுத்தது ஒட்டவே இல்லை, அங்கே சூரியன் ஒரு பக்கம், இங்கே விளக்கு இன்னொரு பக்கம். மேகமூட்டத்தில் எடுத்ததுதான் பொருந்தியது, ஏனென்றால் அப்போது வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் மென்மையாக வருகிறது, விளக்குக்கு முன்னால் துணி மூடிய சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சத்தோடு தானாகவே சேர்ந்துகொள்கிறது. பனி மூடிய பின்னணி வைத்தால் ஆளின் மேல் கான்ட்ராஸ்டையும் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தரித்து ஒட்டியது மாதிரியே இருக்கும்.

வியாபாரம் கூடியதா என்றால், வாட்ஸ்அப்பில் விசாரிப்பு கூடியது உண்மை. ஆனால் கிரீன் மேட் வீடியோவை விட, பட்டறையில் கொலுசுக்கு முத்துப் பற்றவைக்கிறதை எந்த அலங்காரமும் இல்லாமல் எடுத்துப் போட்டதற்குத்தான் ஆர்டர் அதிகம் வந்தது. அண்ணி பேசுகிற வீடியோவின் வேலை வேறு: கூரியர் எப்படி, குறைந்தபட்ச எடை என்ன, பழுது வந்தால் என்ன செய்வது என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது லிங்க்காக அனுப்பிவிடுகிறோம். தொண்டை மிச்சம்.

ஸ்டுடியோவில் கொடுத்துச் செய்துகொள்வதுதான் வசதி என்பவர்கள் முடித்த எம்பி4 மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதில் பின்னணியைத் திரும்ப மாற்ற முடியாது. பச்சையோடு எடுத்த மூலப் பதிவையும், பச்சை நீக்கிய பதிவை ஆல்ஃபாவோடு, அதாவது பின்னணி வெறுமையாக இருக்கிறபடி, புரோரெஸ் 4444 மாதிரி கோப்பு வடிவத்திலும் தருவீர்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கோப்பு ஜிபி கணக்கில் பெரிதாக இருக்கும், கையோடு ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுபோங்கள்.