ஹாங்காங்கின் ஈர மாதங்களும் என் அடுப்பில் ஆறு வசந்தமாகக் கொதிக்கும் சூப்பும்

நாங்கள் ஹாங்காங்குக்குக் குடிவந்து ஏழாவது ஆண்டு நடக்கிறது. இங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சில நாள்களில் சுவர் வியர்க்கும். குளிர்ந்து கிடக்கும் சுவரிலும் தரையிலும் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடற்காற்று பட்டு நீர்த்துளிகளாகப் படிவதை 'வுய் நாம் தின்' என்று கன்டோனிய மொழியில் சொல்கிறார்கள். அந்நாள்களில் உடம்பு கனத்து, பசி மந்தித்து, நாக்கில் மாவு படிந்தாற்போல் இருக்கும் நிலைக்குச் சீன மருத்துவம் சூட்டிய பெயர் 'சாப்', அதாவது ஈரம். மண்ணீரலுக்கு ஈரம் ஆகாது என்பது அதன் கொள்கை. அந்த ஈரத்தைப் போக்குவதற்கென்று இங்கே வீடுகளில் காய்ச்சும் சூப்பை ஆறு வசந்தங்களாக நானும் காய்ச்சி வருகிறேன்.

முதல் ஆண்டில் செய்ததெல்லாம் தவறு. 'யீ மாய்' என்னும் தானியத்தை வாங்கப் போய், 'யெங் யீ மாய்' என்று எழுதியிருந்த பொட்டலத்தை எடுத்து வந்துவிட்டேன், அது பார்லி. சூப்பு கஞ்சியாகக் குழைந்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. உண்மையான யீ மாய் பார்லியைவிடப் பெரியது; நடுவில் அகலமான பழுப்புப் பள்ளம் ஓடும். அடுத்து, வறுக்காத பச்சை யீ மாயையே வாரம் நான்கு நாள் காய்ச்சிக் குடித்ததில் வயிறு குளிர்ந்து இளகியது. ஷியுங் வான் பகுதியில் மருந்துச் சரக்குக் கடைகள் நிறைந்த கோ ஷிங் தெருவில், ஒரு கடைக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "குடிக்கப் போவது யார்?" என்பதுதான். பச்சை யீ மாய் குளிர்ச்சி, வறுத்தது சாந்தம் என்று விளக்கி, இரண்டையும் சரிபாதி கலந்து கொடுத்தார். அன்று முதல் அந்த அளவை மாற்றவில்லை.

ஆறு ஆண்டுகளில் என் வீட்டில் நிலைத்துவிட்டது கூவைக்கிழங்கைப் போல மாவுச்சத்து மிகுந்த 'ஃபன் கொட்' கிழங்கும் மீனும் சேர்ந்த சூப்பு. நாங்கள் பன்றியிறைச்சி உண்பதில்லை என்பதால், இங்கே பலரும் போடும் பன்றி எலும்பை விட்டுவிட்டு, நம் மிர்கால் கெண்டையின் இனத்தைச் சேர்ந்த 'லெங் யூ' மீனைப் போடுகிறேன். அதுவும் இங்குள்ள மரபுதான். இங்குள்ள எடையளவில் ஒரு 'காட்டி', அதாவது சுமார் 600 கிராம் கிழங்கைத் தடித்த துண்டுகளாக்கிக்கொள்வேன். ஒடுங்கி நீண்டு, ஒரு பக்கம் வெள்ளைக் கோடு ஓடும் 'செக் சியு தாவ்' என்னும் சிவப்புப் பயறு 40 கிராம், 'பின் தாவ்' 40 கிராம். இந்தப் பின் தாவ் வேறொன்றுமில்லை, நம் அவரை விதையின் வெள்ளை வகை. முதன்முதலில் கடைத் தட்டில் அதைக் கண்டபோது ஊர் ஆளைச் சந்தித்ததுபோல் மகிழ்ந்தேன். மீனை இஞ்சியோடு இருபுறமும் பொன்னிறமாக வறுத்து, முள் சூப்பில் உதிராதபடி துணிப் பையில் கட்டி, 2.5 லிட்டர் தண்ணீரில் எல்லாவற்றையும் சேர்த்து, 20 நிமிடம் தளதளவென்று கொதித்ததும் தீயைக் குறைத்து இரண்டு மணி நேரம் விடுவேன். உப்பு கடைசியில்தான்.

இந்தச் சூப்பின் உயிர் 'சான் பெய்' என்னும் காய்ந்த ஆரஞ்சுத் தோல். குவாங்டொங் மாநிலத்தின் சின்ஹுய் ஊர்த் தோலுக்குத்தான் பெரிய பெயர். தோல் பழசாக ஆக விலையும் ஏறும். ஒரு துண்டை 20 நிமிடம் ஊறவைத்து, உட்புற வெண்தோலைக் கத்தி முனையால் சுரண்டி எடுக்காவிட்டால் கசப்பு இறங்கிவிடும். மீன் வாடையை அடக்கி, கிழங்கின் மந்தத்தை நீக்குவது அந்தச் சிறு துண்டுதான். இதில் சிக்கனம் பார்த்துப் புதுத் தோல் போட்ட நாள்களில் சூப்பில் மணமே இல்லை.

ஜூன் பிறந்ததும் நீர்ப்பூசணிக்கு மாறிவிடுவேன். தோலைச் சீவாமல் பெரிய துண்டுகளாக வெட்டி யீ மாயோடு காய்ச்சினால் போதும். இங்கே தோலில்தான் குணம் இருப்பதாகச் சொல்வார்கள்.

பலன் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். சூப்பு வைக்கும் நாள்களில் இரவுச் சாப்பாடு இலேசாகிறது, பொரித்ததைத் தேடும் மனம் அடங்குகிறது, காலையில் உடம்பு கனமின்றி எழுகிறேன். ஈரம் வெளியேறியதா, உணவு திருந்தியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. முட்டுவலியோ சுவர்ப் பூஞ்சையால் வரும் தும்மலோ இதனால் குறையவில்லை. தும்மலைக் குறைத்தது ஈரமுறிஞ்சி இயந்திரம்தான். மீனும் இறைச்சியும் நெடுநேரம் கொதித்த சாற்றில், உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுதி என்பதால், யூரிக் அமிலம் கூடியவர்கள் இதை நாள்தோறும் குடிக்கக் கூடாது. என் கணவருக்கு வாரம் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திவிட்டேன். கருவுற்ற பெண்களுக்கு யீ மாய் கொடுப்பதில்லை என்பது இங்குள்ள வழக்கம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: குன்றிமணிக்கும் சீனத்தில் 'சிவப்புப் பயறு' என்ற பெயர் உண்டு, அது கொடிய நஞ்சு. பாதி சிவப்பும் பாதி கறுப்புமான விதை எதையும் சூப்பில் போடாதீர்கள்.

இந்த மார்ச்சில் எங்கள் தெருவின் முள்ளிலவ மரம் பூத்து உதிர்த்தபோது, முதியவர்களோடு சேர்ந்து நானும் ஒரு பை நிறையப் பூக்களைப் பொறுக்கி வந்தேன். அவற்றைச் சன்னலோரம் நூலில் கோத்துக் காயவிட்டிருக்கிறேன். சுவர் வியர்வை நின்று வெயில் எட்டிப் பார்த்தால், வரும் வாரச் சூப்பில் மூன்று பூக்கள் சேரும்.