அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும்

சோடியத்தின் வெளிக்கூட்டில் 1 எலக்ட்ரான், குளோரினுக்கு 7. சோடியம் அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு நேர் அயனியாகிறது, அதாவது நேர் மின்சுமை கொண்ட அணுவாகிறது. வாங்கிக்கொண்ட குளோரின் எதிர் அயனி. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதுதான் அயனிப் பிணைப்பு. இப்படி உருவாகும் சாப்பாட்டு உப்பின் படிகத்தில் ஒவ்வொரு அயனியையும் அதற்கு மாறான மின்சுமை கொண்ட 6 அயனிகள் சூழ்ந்திருக்கும். அதனால்தான் அது உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது. உப்பில் தனி மூலக்கூறு என்று எதுவும் கிடையாது. பலர் தடுமாறும் இடம் இது.

சரி, சகப்பிணைப்பு? அங்கே கொடுக்கல் வாங்கல் இல்லை, பகிர்வுதான். மீத்தேன் வாயுவில் ஒரு கார்பன் 4 ஹைட்ரஜன்களோடு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கிறது. மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு குறைவு என்பதால் சுமார் மைனஸ் 161 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்காகச் சகப்பிணைப்பே பலவீனமானது என்று நினைத்துவிடக் கூடாது. வைரத்தில் இருப்பதும் அதே பிணைப்புதான்.