பதின்மூன்று மாதம் சுறாக் குருத்து காப்ஸ்யூல்: முழங்கையில் நடந்ததும் ரத்தத்தில் நடந்ததும்

எனக்குச் சொரியாசிஸ் வந்து பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு முழங்கை, இடது முழங்கால், தலையில் கொஞ்சம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. தோளில் மாவு தட்டியதுபோல் செதில் கிடக்கும். வெட்பாலைத் தைலம், ஹோமியோபதி உருண்டை, கத்திரிக்காயும் கருவாடும் விலக்கிய பத்தியம் என்று எல்லாவற்றையும் பார்த்தவள் நான். அதனால் 2021 டிசம்பரில் நியூ ஜெர்சியிலிருந்து வந்த அண்ணன் பெட்டியைத் திறந்து மூன்று புட்டி சுறாக் குருத்தெலும்பு காப்ஸ்யூலை நீட்டியபோது, வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. தோலுக்கும் நல்லதாம், மூட்டுக்கும் நல்லதாம். எனக்கு முழங்கால் வலியும் உண்டு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அம்மாதான் சிரித்தாள். எங்கள் ஊர் நாகர்கோவில். சுறாப் புட்டு வைக்காத வீடு குறைவு. பால் சுறாவை வெந்நீரில் முக்கி, மணல் தாள் மாதிரி இருக்கும் தோலைத் தேய்த்து எடுத்து, வேகவைத்து, சதையை உதிர்க்கும்போது நடுத்தண்டு தனியாக வந்துவிடும். முள் என்று சொல்ல முடியாது, கடித்தால் நறுக்கென்று இருக்கும், சின்னச் சின்ன வட்டமாகக் கழன்று வரும். அதுதான் குருத்து. "மக்களே, இதையா உங்க அண்ணன் டாலர் குடுத்து வாங்கிட்டு வந்தான்? இது பூனைக்குப் போடுறதுல்லா!" என்றாள். பூனை இதுவரை எங்கள் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

2022 ஜனவரி முதல் வாரம் தொடங்கினேன். 750 மில்லிகிராம் காப்ஸ்யூல், காலை மதியம் இரவு ஒவ்வொன்று. புட்டிக்கு நூறு, ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடவே வரும். பதின்மூன்று மாதத்தில் பன்னிரண்டு புட்டி முடிந்தது. பிற்பாடு வந்ததெல்லாம் ஊருக்கு வருகிறவர்கள் கையில் அண்ணன் கொடுத்துவிட்டது. மூடியைத் திறந்தால் கருவாட்டுக் கடையின் பின்பக்க வாசனை. விழுங்கி அரை மணி நேரத்தில் ஏப்பம் வந்தால் அதே வாசனை. காப்பி குடித்த கையோடு இதைப் போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஏன் நம்பினேன் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதன் பின்னால் இருக்கும் யோசனை முட்டாள்தனமானது இல்லை. சொரியாசிஸ் படையில் செதிலை நகத்தால் பிய்த்தால் அடியில் ஊசிமுனை அளவு ரத்தப் பொட்டுகள் தெரியும். (பிய்க்கக் கூடாது. எல்லாரும் பிய்ப்போம்.) அந்த இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழக்கத்துக்கு மேல் வளர்ந்து தோலின் மேல்பரப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்பதுதான் காரணம். குருத்தெலும்பிலோ ரத்தக்குழாயே கிடையாது. புற்றுநோய்க் கட்டியும் புது ரத்தக்குழாய் இழுத்துக்கொண்டுதான் வளர்கிறது என்று பாஸ்டனில் ஜூடா ஃபோக்மேன் 1971இல் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 1983இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஆன் லீ, ராபர்ட் லாங்கர் இருவரும் சுறாக் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பதாகக் காட்டினார்கள். சாறாகப் பிரித்தெடுத்து, முயலின் கண்ணில் கட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்த சோதனை அது. சாப்பிடக் கொடுத்தது அல்ல. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் பின்னால் வந்த வியாபாரம் முழுவதும் வழுக்கி விழுந்தது.

1992இல் வில்லியம் லேன் சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் போட்டார். அடுத்த வருடம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரிய நிகழ்ச்சியிலும் வந்துவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? சுறாவுக்குப் புற்றுநோய் வரும். அதன் குருத்தெலும்பிலேயே கட்டி வந்திருக்கிறது. கேரி ஆஸ்ட்ராண்டரும் கூட இருந்தவர்களும் 2004இல் சுறா, திருக்கை வகைகளில் பதிவான கட்டிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். இதெல்லாம் எனக்கு நாலாவது புட்டி முடிந்தபிறகுதான் தெரியும்.

சரி, என் முழங்கைக்கு வருகிறேன். ஆரம்பத்திலேயே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். மாதா மாதம் ஐந்தாம் தேதி, அதே ஜன்னலோரம், படைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுத்தேன். ஜனவரியில் வலது முழங்கைப் படை ஏறத்தாழ நாலு நாணயம் வைக்கிற அகலம். மார்ச்சில் மூன்று. மே மாதம் இரண்டுகூட இல்லை, செதிலும் மெலிந்துவிட்டது. அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன், அவன் அதைச் சொந்தக்காரர் குரூப்பில் போட்டுவிட்டான், இரண்டு பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நானும் பெருமையாகச் சொன்னேன். அந்த இரண்டு பேரிடமும் பிறகு தனியாகப் பேச வேண்டியிருந்தது.

ஏனென்றால் ஆகஸ்டில் மூன்று நாணயம் ஆனது. டிசம்பரில் நாலரை. காப்ஸ்யூல் ஒரு வேளைகூட விடவில்லை. பழைய கல்யாண ஆல்பங்களை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: எனக்கு எல்லா வருடமும் சித்திரை வைகாசியில் குறையும், மார்கழியில் ஏறும். வெயில்தான். புறஊதாக் கதிரைச் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள், எனக்கு அது இலவசமாக மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கிடைத்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் தொடங்காமல் மே மாதம் தொடங்கியிருந்தால், இது படையைக் கூட்டுகிற மாத்திரை என்று எழுதியிருப்பேன்.

சொரியாசிஸுக்கு இதை ஒழுங்காகச் சோதித்தவர்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நியோவாஸ்டாட் என்ற பெயரில் கனடாவில் உருவான திரவச் சாறு அது. 2002இல் வந்த சிறிய ஆய்வில் கூடுதல் அளவு குடித்த சொரியாசிஸ்காரர்களிடம் ஓரளவு முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள். ஆனால் மருந்துக் கடைக்கு வரும் அளவுக்கு அது போகவில்லை. அதே சாறை நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரிடம், பாதிப் பேருக்கு மருந்துச் சத்தே இல்லாத ஒப்பீட்டுப் போலி மருந்து கொடுத்து, பெரிதாகச் சோதித்தார்கள். 2010இல் வெளியான முடிவு: சாறு குடித்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 14.4 மாதம், போலி மருந்து குடித்தவர்களுக்கு 15.6 மாதம். தூளாகக் கொடுத்துப் பார்த்த 1998 ஆய்வில் 60 நோயாளிகள், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் ஒரு கிராம். ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. என் எடை 62 கிலோ. அந்தக் கணக்குக்கு நான் தினம் 62 கிராம் தின்றிருக்க வேண்டும், தின்றது இரண்டேகால் கிராம். கிலோக் கணக்கில் தின்றாலும் வயிறு அதை மற்றப் புரதத்தைப் போலத்தான் அரைத்துப் போடும்.

க்ரீம் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஜூனில் அண்ணன் அதே சரக்கில் ஒரு டப்பா க்ரீமும் கொடுத்துவிட்டிருந்தான். எட்டு வாரம் இடது முழங்கையில் க்ரீம், வலது முழங்கையில் தேங்காய் எண்ணெய். இரண்டுமே குளித்து முடித்த ஈரத்தோடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மிருதுவானது, ஒரே மாதிரி படை நின்றது. டப்பாவின் பின்பக்கம் படித்தால் முதலில் தண்ணீர், அப்புறம் கிளிசரின், மினரல் எண்ணெய்... சுறாக் குருத்துச் சாறு வாசனைப் பொருளுக்கு ஒரு படி மேலே, கடைசி வரியில். குருத்தில் இருக்கும் கொலாஜனும் காண்ட்ராய்டினும் பெரிய பெரிய மூலக்கூறுகள், மேல்தோலைத் தாண்டி உள்ளே போகாது. வெளியே ஈரத்தைப் பிடித்துவைக்கும், கிளிசரினும் அதைத்தான் செய்கிறது. சிலர் இதையும் ஸ்க்வாலீனையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது சுறாவின் ஈரல் எண்ணெயிலிருந்து வருவது, நம் தோலின் எண்ணெய்ப் பசையிலும் இயற்கையாகவே உள்ளது. அதைப் பதப்படுத்திய ஸ்க்வாலேன் தோலுக்கு நல்ல ஈரப்பூச்சு. ஆலிவிலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுத்தே இப்போது கிடைக்கிறது, அதற்காகச் சுறாவைத் தொட வேண்டியதில்லை.

முழங்கால் வலி? இருந்தது, இருக்கிறது. குருத்தில் இருக்கும் அந்தக் காண்ட்ராய்டினை முழங்கால் வலிக்காரர்களுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த 2006 அமெரிக்க ஆய்வு ஒன்று 1,583 பேரை வைத்து நடந்தது. மொத்தத்தில் போலி மருந்தைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

இதுவரை சொன்னது வீணாய்ப்போன காசுக் கதை. இனிமேல்தான் எழுத உட்கார்ந்த காரணம்.

2022 நவம்பர் வாக்கில் தாகம் அதிகமானது. ராத்திரி மூன்று தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. மலச்சிக்கல். பகலில் கணக்கு நோட்டைத் திறந்தால் தலை தொங்கும். சர்க்கரை வந்துவிட்டது என்றே முடிவு செய்து சோதித்தேன், சர்க்கரை இல்லை. வயது 46, அந்தச் சமயத்தில் வருவதுதான் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். ஜனவரி கடைசியில் தலையில் படை அதிகமாகி ஸ்கின் டாக்டரிடம் போனபோது, பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "வீட்டுல நீங்க சாப்பிடுறது, பூசுறது எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார்.

கொண்டுபோனேன். மேசையில் வரிசையாக எடுத்து வைத்தார். முதலில் அவரே எழுதிய கால்சிபோட்ரையால் களிம்பு, அது வைட்டமின் டி வகையைச் சேர்ந்தது, உடம்பில் கால்சியத்தைக் கூட்டக்கூடும் என்பதால்தான் அளவு சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டாவது, முழங்காலுக்காக வேறொருவர் எழுதிய கால்சியம் மாத்திரை. மூன்றாவது, 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட். எட்டு வாரத்துக்கு என்று எழுதியதை நான் ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பாலில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். நாலாவதாகச் சுறா. புட்டியைத் திருப்பி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, சின்ன எழுத்தில் இருந்த கால்சியம், பாஸ்பரஸ் வரிகளை விரலால் காட்டினார். குருத்தெலும்பு என்றால் மெத்தென்று இருப்பதால் சுண்ணாம்பு இருக்காது என்று நினைத்திருந்தேன். சுறாவின் முதுகுத்தண்டு கால்சியம் உப்புப் படிந்து இறுகினதுதான், அதனால்தான் கடித்தால் நறுக்கென்கிறது. அம்மா சமையலறையில் கையில் பிடித்துப் பார்த்த விஷயம் எனக்கு அச்சிட்ட காகிதத்தில் தெரியவில்லை.

ரத்தக் கால்சியம் 11.3. பத்தரைக்குள் இருக்க வேண்டியது. "சுறாவை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, நாலும் சேர்ந்த கூட்டணி" என்றார் டாக்டர். ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கச் சொன்னார், அதில் கோளாறு இல்லை. களிம்பை நிறுத்தினார், மாத்திரை, பாக்கெட், சுறா எல்லாம் நிறுத்தினார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். ஆறு வாரத்தில் 9.7. தாகம் போய்விட்டது, ராத்திரித் தூக்கம் திரும்பியது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் சிறுநீரகத்தில் கல்லாகவோ அதைவிட மோசமாகவோ போயிருக்கும் என்றார். நீங்களும் இதைச் சாப்பிடுகிறவர் என்றால், கால்சியமும் டி சத்தும் கூடவே போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், அறுவை சிகிச்சை முடிந்து புண் ஆற வேண்டியவர்கள் கிட்டேயே போக வேண்டாம்.

இன்னொரு தகவலும் என்னை உறுத்தியது. மயாமி பல்கலைக்கழகத்தார் 2014இல் 16 சுறாக் குருத்து மாத்திரைகளைச் சோதித்து, 15இல் பி.எம்.ஏ.ஏ. என்ற நரம்பு நச்சைக் கண்டார்கள். பாதரசமும் இருந்தது. கடலில் மற்றதைத் தின்று வாழ்கிற பெரிய மீன், தின்றதில் இருந்த அழுக்கெல்லாம் அதன் உடம்பில்தான் சேரும். புட்டு எப்போதாவது சாப்பிடுவது ஒன்று, தினம் மூன்று வேளை பதின்மூன்று மாதம் என்பது வேறு.

அண்ணனிடம் இதையெல்லாம் போனில் சொன்னபோது மைனி வாங்கிப் பேசினாள். அவள் அங்கே தீக்காயப் பிரிவில் நர்ஸ். "சுறாவை ஒரேயடியா திட்டாதே, எங்க வார்டுல தினமும் அதை வெச்சு வேலை பார்க்கிறோம்" என்றாள். எனக்குப் புரியவில்லை. இன்டெக்ரா என்று ஒரு செயற்கைத் தோல். எம்.ஐ.டி.யின் ஐயோனிஸ் யானாஸும் தீக்காய அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் உருவாக்கி 1981இல் நோயாளிகளிடம் வெற்றியாகப் பயன்படுத்தியதை வெளியிட்டார்கள், 1996இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அடியில் மாட்டுக் கொலாஜனோடு சுறாக் குருத்திலிருந்து பிரித்த காண்ட்ராய்டின்-6-சல்பேட் சேர்ந்த பஞ்சு போன்ற அடுக்கு, மேலே மெல்லிய சிலிக்கோன் தாள். வெந்த தோலை வெட்டி எடுத்த இடத்தில் இதை விரித்துத் தைப்பார்களாம். உள்ளிருந்து நோயாளியின் சொந்தச் செல்களும் ரத்தக்குழாய்களும் அந்தப் பஞ்சுக்குள் ஏறி வளரும். இரண்டு மூன்று வாரத்தில் நிறம் மாறும், அப்போது சிலிக்கோனை உரித்துவிட்டு நோயாளியின் தோலையே வெகு மெல்லிசாக எடுத்து மேலே ஒட்டுவார்கள். "உரிக்கிற அன்னிக்கு அடியில பீச் பழத்தோட நிறத்துல இருந்தா எங்களுக்கு நிம்மதி" என்றாள்.

வேடிக்கையைப் பாருங்கள். ரத்தக்குழாய் வளரவிடாமல் தடுக்கும் என்று சொல்லி என்னை விழுங்க வைத்த அதே குருத்தின் ஒரு துண்டை, ரத்தக்குழாய் ஏறி வளர்வதற்கான பந்தலாக அங்கே விரிக்கிறார்கள். சுத்தமாகப் பிரித்து, அளவு தெரிந்து, புண்ணின் மேலேயே வைக்கிறார்கள்.

இப்போது வாரம் இரண்டு நாள் குறும்பட்டைப் புறஊதா (நேரோபேண்ட் யு.வி.பி.) சிகிச்சைக்குப் போகிறேன், தலைக்கு மட்டும் வேறொரு லோஷன், குளித்ததும் தேங்காய் எண்ணெய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்சியம் பார்க்கிறேன். போன ஐந்தாம் தேதி எடுத்த போட்டோவில் வலது முழங்கை ஒன்றரை நாணயம், அதுவும் மார்கழியில். பதின்மூன்றாவது புட்டி பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. கொலாஜன் பவுடர் அனுப்பட்டுமா என்று அண்ணன் நேற்றுக் கேட்டான். லேபிளின் பின்பக்கத்தை முதலில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.