மக்காச்சோளத்துக்குக் களை மருந்து வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மானூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரிசல். புரட்டாசிக் கடைசியில் மக்காச்சோளம் போட்டோம். விதைத்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் அடிக்க வேண்டிய அட்ரசினை, அதாவது களை முளைக்குமுன் அடிக்கும் மருந்தை, அடிக்க முடியவில்லை. வயலுக்குள் காலை வைத்தால் எடுக்க முடியாத சகதி. இருபதாம் நாள் போய்ப் பார்த்தால் பயிர் உயரத்துக்குப் புல் நிற்கிறது. கைக்களை எடுக்க ஆளும் கிடைக்கவில்லை.

பக்கத்து ஊர் உரக்கடைக்குப் போய் விவரத்தைச் சொன்னேன். "இத அடிங்க அண்ணாச்சி, புல்லு மட்டும்தான் கருகும், பயிர ஒண்ணும் செய்யாது" என்று ஒரு பாட்டிலை எடுத்துத் தந்தார். அட்டைப்பெட்டி இல்லை, அதற்குள் மடித்து வைத்திருக்கும் தாளும் இல்லை. பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் 'களை மருந்து' என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார். பல வருஷமாகப் பழகிய கடை, அதனால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நாலைந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இளம் இலைகள் வெளிறிச் செம்மை தட்டின. படைப்புழுவாக இருக்குமோ என்று குருத்தை விரித்துப் பார்த்தேன். ஓட்டையும் இல்லை, எச்சமும் இல்லை. லேசாக இழுத்ததும் குருத்து உருவிக்கொண்டு கையோடு வந்தது. அடிப்பக்கம் பழுப்பாக அழுகியிருந்தது. அடுத்த செடி, அதற்கடுத்த செடி, எல்லாம் அப்படியே. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டிலை வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். உள்ளே இருந்தது குயிசலோபாப் எத்தில் 5 சதவீதம். உளுந்து, நிலக்கடலை, பருத்தி, சோயா, வெங்காயம் போன்ற அகன்ற இலைப் பயிர்களில் புல்லை மட்டும் கொல்லும் மருந்து. மக்காச்சோளமே புல் குடும்பம்தான்! புல்லைக் கொல்வது அதையும் சேர்த்துத்தான் கொல்லும். கடைக்காரர் இதைத் தெரியாமல் கொடுத்தாரா, கையில் இருந்த சரக்கைத் தள்ளிவிட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போய்க் கேட்டதற்கு, "அளவு கூடப் போட்டிருப்பீங்க" என்றார். புகார் எழுதலாம் என்றால், அந்தச் சீட்டில் மருந்துப் பெயரும் இல்லை, தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இல்லை.

பயிரை அழித்து உழுதுவிட்டு உளுந்து விதைத்திருக்கிறோம். விதை, உரம், உழவு எல்லாம் போன கணக்கு.

அட்ரசின் 50 சதவீதத் தூள் என்றால் ஹெக்டேருக்கு 500 கிராம், அதாவது ஏக்கருக்கு 200 கிராம். மண் ஈரமாக இருக்கும்போது, நிறையத் தண்ணீரில் கலந்து, விசிறி நாசில் போட்டு அடிக்க வேண்டும். ஊடுபயிராக உளுந்தோ பாசிப்பயறோ போட்டிருந்தால் அட்ரசின் கூடாது, பெண்டிமெத்தலின்தான். என்னைப் போல அந்த மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையைத் தவறவிட்டவர்களுக்கு, களை முளைத்த பிறகு அடிக்க டெம்போட்ரியோன், டோப்ராமெசோன் என்று மக்காச்சோளத்துக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. எதுவானாலும் பாட்டில் மேல் 'மக்காச்சோளம்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மருந்துப் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எழுதிய பில் இல்லாமல் காசை எடுக்காதீர்கள்.

நம்ம பக்கம் இப்போது பதினைந்து, இருபது நாள் பயிர் நிறைய நிற்கிறது. மருந்து வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள், டேங்கில் ஊற்றுமுன் அந்தப் பாட்டிலை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் வீட்டுப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குயிசலோபாப் என்று இருந்தால் மக்காச்சோளத்தில் அடிக்கவே அடிக்காதீர்கள்.