அந்தமான் பறவைப் பயணம்: முகவருக்கு இரண்டு நட்சத்திரம், வழிகாட்டித் தம்பிக்கு ஐந்து

பெப்ரவரியில் நானும் இவரும் அந்தமானுக்குப் போய் வந்தோம். எனக்குப் பறவை, இவருக்குக் கடல்மீன். கொழும்பில் ஒரு பயண முகவரிடம் ‘பறவைப் பிரியர் சிறப்புப் பக்கேஜ்’ எடுத்திருந்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. அங்குள்ள பிள்ளைகள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். விசாவையும் சென்னை வழி டிக்கெட்டையும் பிழையில்லாமல் செய்து தந்தார்கள். அந்த இரண்டு நட்சத்திரமும் அதற்குத்தான்.

விளம்பரத் தாளின் முகப்பில் பெரிதாக ஒரு இருவாச்சிப் படம், பெரிய அலகுள்ள காட்டுப் பறவை. நார்கொண்டம் இருவாச்சி. உலகத்திலேயே நார்கொண்டம் என்ற ஒரே ஒரு தீவில்தான் அது வாழ்கிறது. அந்தத் தீவு 7 சதுர கிலோமீற்றர்கூட வராது. கடலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் எரிமலை, அவ்வளவுதான். அங்கே கரையோரக் காவல்படை ரேடார் வைக்கக் கேட்டதற்கே இந்தியச் சுற்றாடல் அமைச்சு 2012இல் மறுத்து, 2014இல்தான் சம்மதித்தது. சுற்றுலாப் படகா போகப் போகிறது? “இதைப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். “ஓம் மிஸ், சான்ஸ் இருக்கு” என்றது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை. காலிமுகத்திடலில் நின்றால் மாலைதீவு தெரியுமா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

நிகழ்ச்சி நிரலில் ‘பறவை பார்த்தல்’ என்று இருந்தது ஒரே ஒரு நாள், அதுவும் காலை 10 மணிக்கு. அந்தமானில் ஓடுவது நம்முடைய நேரம்தான். ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளிக் கிடக்கிறது. ஆறு மணிக்கு முன்பே வெயில் வந்துவிடும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். 10 மணி என்றால் பறவைக்குப் பாதி நாள் முடிந்த மாதிரி. வேனில் கூட்டிப்போய் ஒரு பூங்காவில் இறக்கினார்கள். மைனா பார்த்தோம். அந்த மைனாவும் மனிதர் கொண்டுவந்து விட்டதுதான். மீதி நாட்கள் எல்லாம் கண்ணாடிப் படகு, கடற்கரை, மறுபடியும் கண்ணாடிப் படகு.

அன்று இரவு ஹோட்டல் வரவேற்பறையில் நான் புலம்பியதைக் கேட்டு, அங்கே நின்ற பெண்பிள்ளை தமிழிலேயே பதில் சொன்னாள். போர்ட் பிளேயரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிவிட்டார்கள்) தமிழுக்குப் பஞ்சமில்லை. அவளுடைய சித்தி மகன் பறவை வழிகாட்டியாம். உடனே போன் போட்டுத் தந்தாள்.

தம்பிக்கு முப்பது வயதிருக்கும். தகப்பன் ராமநாதபுரத்து ஆள். மறுநாள் விடிய நாலரைக்கு ஓட்டோவோடு வந்து நின்றார். நகரத்திலிருந்து தெற்கே 25 கிலோமீற்றர், சிடியாடாப்பு. ஹிந்தியில் சிடியா என்றால் பறவை, டாப்பு என்றால் தீவு. போகும் வழியிலேயே, “நீங்க சிலோன் தமிழா அக்கா? கட்சால்ல உங்க ஊர்லேருந்து வந்த குடும்பங்க இருக்கு” என்றார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் சிலரை நிக்கோபாரில் உள்ள அந்தத் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றினார்கள். நான் படித்திருந்தேன். ஆனால் அந்த இருட்டில், ஓட்டோவுக்குள் இருந்து கேட்டது வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நான் ஒன்றும் கதைக்கவில்லை.

காட்டோரம் இறங்கி அரை மணித்தியாலத்தில் அந்தமான் மரங்கொத்தி. உடம்பு முழுக்கக் கரி, உச்சியில் மட்டும் சிவப்புக் கொண்டை. அப்புறம் செண்பகப் பறவை. வெள்ளவத்தையில் எங்கள் மதில்மேல் வந்து நடப்பது கறுப்பு உடம்பும் செம்பழுப்புச் சிறகும். அங்குள்ளது உடம்பெல்லாம் பால்தேத்தண்ணி நிறம். பார்த்ததும் யாரோ ஒன்றுவிட்ட சகோதரத்தை எதிர்பாராத இடத்தில் கண்ட மாதிரி இருந்தது. வெண்தலை மைனா கூட்டமாக வந்தது. வால்காக்கை மட்டும் இலைக்குள்ளே சத்தம் போட்டுவிட்டு முகம் காட்டாமல் போய்விட்டது. அதுவும் அந்தமானுக்கே உரியதுதான்.

தம்பிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பது இதற்கெல்லாம் அல்ல. மாலையில் ஆந்தை பார்க்கப் போனோம். அவருடைய போனில் எல்லா ஆந்தையின் குரலும் இருக்கிறது. இரண்டு தடவை போட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். “வேணாம் அக்கா. வேற ஆந்தை தன் இடத்துக்கு வந்துடுச்சுன்னு நெனச்சு அது அலையும். பாவம். காத்திருப்போம்.” காத்திருந்தோம். இவர் கொட்டாவி விட்டது காடெல்லாம் கேட்டது. ஏழரை மணிபோல, கூப்பிடாமலே இரண்டு இனம் வந்தன: ஹியூம் ஆந்தை, முழுக்கச் சொக்கலேட் நிறம், இன்னொன்று நெஞ்சில் செம்பழுப்புக் கீற்று விழுந்த அந்தமான் ஆந்தை. டோர்ச்சையும் நேரே கண்ணில் அடிக்காமல் பக்கத்துக் கிளையில் அடித்தே காட்டினார். இலங்கையின் சிங்கராஜாக் காட்டில், எங்கள் தீவுக்கே உரிய சின்ன ஆந்தை ஒன்றைப் பார்க்கப் போய் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியவள் நான். அதையும் 1995இல் குரலைத்தான் முதலில் கேட்டார்கள், 2001இல்தான் கண்டார்கள். காத்திருக்கச் சொல்லும் வழிகாட்டியின் அருமை எனக்குத் தெரியும்.

குறை சொல்லவேண்டும் என்றால், ஆள் சாப்பாட்டை மறந்துவிடுவார். பிஸ்கட் கொண்டுபோங்கள். அடுத்த நாள் மவுண்ட் ஹரியட்டில் (இப்போது மவுண்ட் மணிப்பூர்) மத்தியானம் இரண்டு மணிவரை பட்டினி. பழைய இந்திய இருபது ரூபாய்த் தாளின் பின்பக்கக் காட்சி அங்கிருந்துதான் என்று தெரிந்ததும் இவர் பசியை மறந்து படம் எடுத்தார்.

தம்பி வாங்கிய மொத்தக் காசு, பக்கேஜ் காசில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே டிக்கெட்டும் தங்குமிடமும் மட்டும் இங்கே போட்டுக்கொண்டு, வழிகாட்டியை அங்கே போய்ப் பிடியுங்கள்.

திரும்பி வந்து முகவரிடம் முறையிட்டேன். மன்னிப்புக் கேட்டு, அடுத்த பயணத்துக்குக் கழிவு தருவதாகச் சொன்னார்கள். மொரீசியசுக்கும் பறவைப் பக்கேஜ் போடுகிறார்களாம். முகப்பில் எந்தப் பறவையைப் போடப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.