பச்சை மூடி பாட்டில்: டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் எப்படி?

பாகங்களாக வரும் பிளாஸ்டிக் மாடல் கிட் கட்டுபவர்களின் மேசையில் பெயின்ட் மாறும், ஏர்பிரஷ் மாறும்; பச்சை மூடி போட்ட அந்த 40 மி.லி. கண்ணாடி பாட்டில் மட்டும் பெரும்பாலும் மாறாது. டாமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமென்ட், பொருள் எண் 87038. டாங்கியோ விமானமோ, 1/35, 1/48, 1/72 எந்த அளவு விகிதமோ, கிட் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்தது என்றால் முதலில் வாங்க வேண்டிய பசை இதுதான். ஆனால் வாங்கியவர்களில் நிறையப் பேர் இதைப் பழைய டியூப் பசை மாதிரி பயன்படுத்துகிறார்கள். ஒரு பாகத்தின் விளிம்பில் தடவி, இன்னொன்றை எடுத்து வைத்து அழுத்துவதற்குள் தடவியதில் பாதி ஆவியாகிவிடும். ஒட்டு பிடிக்காது. "தண்ணி மாதிரி இருக்கு, சரியில்லை" என்று பாட்டிலை ஓரம் கட்டிவிடுகிறார்கள். குறை பசையில் இல்லை, செய்யும் வரிசையில் இருக்கிறது.

பாட்டிலுக்குள் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும், ஏறக்குறைய சரிபாதி. இரண்டும் பாலிஸ்டைரீனைக் கரைப்பவை. அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரி, பியூட்டைல் அசிட்டேட்டுக்கு 126 டிகிரி செல்சியஸ். முன்னது பட்டவுடன் கடித்துவிட்டுப் போய்விடும். பின்னது மெதுவாகப் பிரிந்து, பிளாஸ்டிக்கைக் கொஞ்ச நேரம் இளக்கமாக வைத்திருக்கும். இரண்டு பாகங்களின் மேற்பரப்பும் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் போனபின் ஒரே பிளாஸ்டிக்காக இறுகுகிறது. உலோகத்தில் வெல்டிங் செய்வதற்கு இணையானது இது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் நேரக் கணக்குதான்.

ஆகவே முதலில் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், பிறகுதான் பிரஷ். இணைப்பு வரியின் ஒரு முனையில் பிரஷ் நுனியைத் தொட்டால் போதும். நுண்புழை ஈர்ப்பில் திரவம் தானாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம் உள்ளே ஓடிவிடும். மூடியோடு சேர்ந்த பிரஷை வெளியே எடுக்கும்போது பாட்டிலின் கழுத்தில் இரண்டு பக்கமும் வழித்துவிடுங்கள். சொட்டும் பிரஷ் ஒரு கிட்டைக் கெடுக்கப் போதும். முடிந்த இடத்தில் உள்பக்கத்திலிருந்தே ஓட விடுங்கள். டாங்கி ஹல்லின் (உடலின்) மேல்தட்டு, ஃபெண்டர், கருவிப்பெட்டி எல்லாவற்றுக்கும் பின்பக்கம் இருக்கிறது. அங்கே தொட்டால் வெளியே தடமே தெரியாது.

விமானத்தில் இது எங்கே பேசுகிறது என்றால், உடற்பகுதியின் இரண்டு பாதிகளைச் சேர்க்கும் இடத்தில். இரண்டையும் சேர்த்து மாஸ்கிங் டேப்பால் மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். டேப்புக்கும் டேப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் மட்டும் பிரஷைத் தொட்டு, பத்து விநாடி விட்டு, இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அழுத்துங்கள். இணைப்பு வரி முழுவதும் உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய நூல் போல வெளியே எழும்ப வேண்டும். எழும்பினால் இடைவெளி நிரம்பிவிட்டது, பட்டி (நிரப்பும் பசைமாவு) வேண்டாம். எழும்பாத இடத்தில் இன்னொரு முறை தொட்டு அழுத்துங்கள். அந்த நூலை ஈரமாக இருக்கும்போது துடைக்கக் கூடாது. இறுகியபின் கத்தியின் முதுகால் சுரண்டி, 400, 600, 1000 என்று உப்புத்தாளை மாற்றித் தேய்த்தால் வரி மறைந்துவிடும். இரண்டு பாதியாக வரும் பீரங்கிக் குழலுக்கும் இதே முறைதான். தேய்க்கும்போது குழலைச் சுழற்றிக்கொண்டே தேய்க்காவிட்டால் வட்டம் தட்டையாகிவிடும்.

அதிகம் பேர் தோற்கும் இடம் அடுத்தது: அவசரம். மேலே தொட்டால் ஒரு மணி நேரத்தில் கல்லாக இருக்கும். உள்ளே இன்னும் கரைப்பான் இருக்கிறது, பிளாஸ்டிக் ஊதிப்போய் இருக்கிறது. அப்போதே தேய்த்து மட்டமாக்கினால், ஊதிய உயரத்துக்குத்தான் மட்டமாகும். பிறகு மீதிக் கரைப்பான் வெளியேற வெளியேற அந்த இடம் சுருங்கி, பெயின்ட் அடித்து முடித்த சில வாரங்களில் மயிரிழை போல ஒரு பள்ளம் திரும்பி வரும். அதைப் பெயின்டுக்கு மேல் சரிசெய்ய வழியே இல்லை. குறைந்தது 24 மணி நேரம். தாராளமாகப் பசை ஓடிய இணைப்பு என்றால் 48. அந்த நாளில் சக்கரங்களைத் தேய்க்கலாம், காக்பிட்டுக்கு (விமானி அறைக்கு) வண்ணம் தீட்டலாம், வேலைக்கா பஞ்சம். பொறுக்க முடியாத கட்டாயம் இருந்தால் அந்த வரிக்கு மட்டும் சூப்பர் குளூவை நிரப்பியாகப் பயன்படுத்துங்கள், அது சுருங்காது. அதில் எதிர் விதி: ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மட்டும்தான் தேயும்.

ஓடும் குணமே இதன் பலம், அதுவே ஆபத்தும். இணைப்பு வரியின் மேல் விரல் இருந்தால் திரவம் விரலுக்கு அடியில் புகுந்து கைரேகையை அச்சாகப் பதித்துவிடும். டேப்பின் அடியிலும் புகும். டேப்பின் விளிம்பு வடிவத்தில் ஒரு தழும்பு விழும். இணைப்பு வரியை ஒரு பேனல் கோடு (தகடுகளின் எல்லையாகச் செதுக்கிய கோடு) வெட்டும் இடத்தில் தொட்டால் பசை அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறக்கை நடுவரை ஓடும். தழும்பு விழுந்துவிட்டால் ஒரே மருந்து, கை வைக்காமல் இருப்பது. துடைத்தால் கரைந்த பிளாஸ்டிக் இழுபட்டு இன்னும் மோசமாகும். விட்டுவிட்டால் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட ஆழம் இருக்காது, மறுநாள் 1000 தாளில் போய்விடும். மூடிய உடற்பகுதிக்குள் பசை அதிகமாக ஓடினால் அங்கே தீட்டி வைத்த காக்பிட் சுவரின் பெயின்டும் கரையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் உடனே பட்டியைத் தேடாதீர்கள். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு டேப்பை இழுத்துக் கட்டினால் இறக்கைகள் கொஞ்சம் மேலே எழும்பும், இடைவெளி மூடும். மூடிய நிலையில் பசையை ஓட விட்டு, ஒரு இரவு அப்படியே விடுங்கள்.

டாங்கிக்காரர்களுக்கு இந்தப் பாட்டில் ஒட்டுவதற்கு மட்டுமானது அல்ல. வார்ப்பு எஃகின் சொரசொரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டி-34 டாங்கியின் பெரும்பாலான டரட்கள் (பீரங்கி இருக்கும் சுழல் கூண்டு), எம்4ஏ1 ஷெர்மனின் ஹல் எல்லாம் வார்த்தவை; கிட்டில் அவை பெரும்பாலும் வழுவழு என்று வரும். டாமியா பட்டியில் சிறிது எடுத்து, இதே சிமென்டில் பெயின்ட் பதத்துக்குக் கரைத்து, நகம் அளவு பரப்பில் தடவி, ஒட்டும் பதம் வந்ததும் மயிர் கட்டையான பழைய பிரஷால் செங்குத்தாகக் குத்துங்கள். பிறகு அடுத்த நக அளவு. முழு டரட்டுக்கும் ஒரே தடவையில் பூசினால் முனைக்குப் போவதற்குள் ஆரம்பம் காய்ந்துவிடும். மறுநாள் 600 தாளால் மேலாக ஒரு தடவு. கூர்முனைகள் மழுங்கினால் போதும். 1/35-இல் இந்தச் சொரசொரப்பு கண்ணை உறுத்தினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஷெர்மனின் இன்னொரு வகையான எம்4ஏ3 கட்டுகிறவர்கள் கவனிக்க: அதன் ஹல் வெல்டிங் செய்த தகடு. சொரசொரப்பு டரட்டுக்கும் முன்னால் உள்ள டிரான்ஸ்மிஷன் மூடிக்கும்தான்.

வார்ப்பு எண்கள் வேண்டுமென்றால், பாகங்கள் ஒட்டி வரும் ஸ்ப்ரூ சட்டத்தில் புடைத்திருக்கும் எழுத்துகளையும் எண்களையும் புதிய பிளேடால் தோல் சீவுவது போலச் சீவி எடுங்கள். டரட்டில் ஒரு துளி சிமென்ட் வைத்து, அதன் மேல் எண்ணை மிதக்கவிட்டு நகர்த்தி நேராக்கி, காய விடுங்கள். காசே செலவில்லாத விவரம். ஆனால் மாடலையே வேறாக்கிக் காட்டும். வெல்டிங் வரிக்கு ஸ்ப்ரூவைச் சூடாக்கி இழுத்த 0.3 முதல் 0.5 மி.மீ. இழை. அதைத் தகடுகள் சேரும் மூலையில் வைத்து, மேலே சிமென்டை இரண்டு முறை ஓட விட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் இளகியதும் வளைந்த கத்தி முனையால் நெருக்க நெருக்கமாக அழுத்திக்கொண்டு போக வேண்டும். இழை இழுக்க மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் அப்போது இந்தப் பாட்டிலை வேறு அறையில் வையுங்கள். இரண்டு கரைப்பானும் எளிதில் தீப்பற்றுபவை. ஆவி தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

தனித்தனி லிங்குகளாக (கண்ணிகளாக) வரும் டிராக்கில், அதாவது டாங்கியின் சங்கிலிப் பட்டையில்தான் இந்தப் பசையை முழு மனதோடு பரிந்துரைக்க முடியவில்லை. டைகர் டாங்கியின் டிராக்கில் ஒரு பக்கத்துக்கு 96 லிங்க். அளவுகோலின் விளிம்பில் அடுக்கி, பசை ஓட்டி, இருபது முப்பது நிமிடத்தில் ரப்பர் போல வளையும் பதத்தில் சக்கரங்களைச் சுற்றிப் போர்த்த வேண்டும். டைகரில் டிராக்கைத் தாங்கத் தனி உருளை கிடையாது. மேல் ஓட்டம் சாலைச் சக்கரங்களின் மேலேயே தொய்ந்து கிடக்கும். அந்தத் தொய்வு வருவதற்கு ஸ்பாஞ்சுத் துண்டுகளைச் செருகி இரவு முழுவதும் விட வேண்டும். எக்ஸ்ட்ரா தின்னில் செய்தால் 96-ஆவது லிங்குக்கு வரும்போது முதல் இருபது இறுகிப்போயிருக்கும். இந்த வேலைக்கு ஆரஞ்சு மூடி போட்ட சாதாரண டாமியா சிமென்ட், எண் 87003, மேல். அதில் பிசின் கலந்திருப்பதால் கெட்டியாக இருக்கும், இளக்கமும் நீடிக்கும். பச்சை மூடியே கையில் இருந்தால் முப்பது முப்பது லிங்குகளாகப் பிரித்துச் செய்யுங்கள். எந்தப் பசையானாலும் ஸ்ப்ராக்கெட்டை (டிராக்கை ஓட்டும் பல்சக்கரத்தை) ஹல்லோடு ஒட்டாதீர்கள். டிராக்கோடு சேர்த்துக் கழற்றித் தனியாக வண்ணம் தீட்டலாம்.

எதை ஒட்டாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஃபோட்டோ எட்ச் (மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்கள்), ரெசின், உலோகக் குழல் மூன்றுக்கும் சூப்பர் குளூ. சக்கரத்துக்குள் போகும் பாலிகேப் என்ற சிறு மென் பாகம் பாலிஎத்திலீன்; அதை இது தொடாது, அதனால்தான் சக்கரம் சுழல்கிறது. பழைய மென்மையான வினைல் டிராக்கையும் பிடிக்காது. ஒட்டலாம் என்று கிட்டின் கையேட்டிலேயே சொல்லியிருந்தால் மட்டும் முயலலாம். பெயின்ட் அடித்த பாகத்தில் பெயின்டோடுதான் ஒட்டும், பிளாஸ்டிக்கோடு அல்ல. தட்டினால் பெயின்டோடு உரிந்து வரும். சேரும் இடத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். கேனோபியில் (விமானி அறையின் கண்ணாடி மூடியில்) இதை நினைக்கவே வேண்டாம். ஒளிபுகும் பாலிஸ்டைரீனில் ஒரு சொட்டு வழிந்தால் அந்தக் கண்ணாடி போனதுதான். வெள்ளை பிவிஏ பசை போதும், வழிந்தாலும் ஈரத்துணியால் துடைக்கலாம்.

மூடியில் இருக்கும் பிரஷ் மெல்லியதுதான், 1/35-க்குப் பொருத்தம். 1/72 விமானத்தின் லேண்டிங் கியர், ஆன்டெனா போன்றவற்றுக்கு அது பெரிது. பிளேடால் பாதி மயிரைக் குறைக்கலாம், அல்லது 000 எண் தூரிகையை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். கழுவக்கூட வேண்டாம், தானாகக் காய்ந்துவிடும்.

இதே வரிசையில் வெளிர்பச்சை மூடியோடு குவிக் செட்டிங் வகையும் இருக்கிறது, எண் 87182. வேகமாக இறுகும், கையால் அழுத்திப் பிடிக்க வேண்டிய பிடிவாதமான இணைப்புகளுக்கு அருமை. நீண்ட உடற்பகுதி வரிக்கு வேண்டாம். லிமோனீன் வகை ஆரஞ்சுப் பழ வாசனையோடு மூக்குக்கு இதமாக இருக்கும், கடி மென்மை, காய்வது தாமதம். ஒரே பாட்டில்தான் என்றால் 87038. இரண்டு என்றால் அதோடு 87003. நெயில் பாலிஷ் ரிமூவரை மாற்றாக ஊற்றிப் பார்க்காதீர்கள். அதில் பெரும்பாலும் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும்.

ஒட்டுக்கு வெளியேயும் இரண்டு உபயோகம். புதிதாகக் கீறிய பேனல் கோட்டில் பிரஷை ஒரே ஒரு முறை ஓட்டினால் ஓரத்துப் பிசிறு கரைந்து கோடு சுத்தமாகும். ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய இடத்தில் வெளுத்துப் போன தழும்பும் ஒரு தொடுதலில் மறையும்.

ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பாட்டில் கவிழ்ந்தால் கிட்டும் போகும், கட்டிங் மேட்டும் போகும். ஒரு மரக்கட்டையிலோ தடித்த ஸ்பாஞ்சிலோ குழி வெட்டி அதில் உட்கார வைப்பது நல்லது. ஒவ்வொரு தொடுதலுக்கும் பிறகு மூடியைத் திருகி மூடுங்கள். திறந்தே கிடந்தால் முதலில் பறப்பது அசிட்டோன். மிஞ்சுவது சோம்பலாக வேலை செய்யும். அப்படி மந்தமாகிப்போன கடைசிக் கால் பாட்டிலைக் கொட்ட வேண்டாம். அதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி உள்ளே போட்டு ஒரு நாள் விட்டால் தேன் பதத்தில் அதே நிறத்து நிரப்பி கிடைக்கும். பட்டியைவிட அதிகம் சுருங்கும் என்பதால் ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று பூச்சாகத் தடவி, கடைசிப் பூச்சுக்கு இரண்டு நாள் கழித்துத் தேயுங்கள்.